டேவிட் புரூஸ்: நாகானாவிலிருந்து உறக்க நோய் வரை – கேள்வி பதில்

ராணுவ டாக்டர் மாட்டு நோயைத் தேடிப் போனது ஏன்?

1894-ல் பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் புரூஸ் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மாற்றலாகி பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்தார். ஆளுநர் ஹெலி-ஹட்சின்சன் முன்பு மால்ட்டாவில் பணியாற்றியவர். 1887-ல் புரூஸ் அங்கே மால்ட்டா காய்ச்சலின் கிருமியைப் பிரித்தெடுத்தது அவருக்குத் தெரியும். பக்கத்து ஜூலுலாந்தில் நாகானா என்ற நோயால் மாடுகள் செத்துக்கொண்டிருந்தன; ஆளுநர் புரூஸை அனுப்பினார். போன சில வாரங்களிலேயே படை திருப்பி அழைத்துக்கொண்டது. மறுபடி போக 1895 ஆயிற்று.

ரத்தம் குடிக்கும் ட்ஸெட்ஸி ஈதான் நாகானாவைப் பரப்புகிறது என்று எப்படி உறுதி செய்தார்? ஈ மொய்க்கும் இடத்தில் புல், தண்ணீர் எல்லாமே மாறுமே?

சரியான கேள்வி. ஜூலுலாந்தின் உபோம்போவில் மலை மேலே ட்ஸெட்ஸி ஈ கிடையாது, அடிவாரத்தில் உண்டு. குதிரைகளைச் சில மணி நேரம் கீழே கொண்டுபோய், புல்லோ தண்ணீரோ தொடவிடாமல் மேலே ஏற்றினார்; நோய் வந்தது. கீழேயிருந்து புல்லையும் தண்ணீரையும் மேலே கொண்டுவந்து கொடுத்தார், வரவில்லை. ஈக்களைப் பிடித்து வந்து மலைமேல் கடிக்கவிட்டார், வந்தது. அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது இந்த மூன்றும்தான்.

ரத்தத்தில் கிருமி தெரியாத நாட்களில்?

மாட்டின் ரத்தத்தில் ட்ரிப்பனசோமா (நாகானாவை உண்டாக்கும் ஒரு செல் ஒட்டுண்ணி) ஒரு நாள் நெளியும், மறுநாள் காணாமல் போகும். ஆகவே மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பினால் ஏமாறலாம். சந்தேகப்பட்ட ரத்தத்தை நாய்க்கு ஊசி மூலம் ஏற்றினால் நாயின் ரத்தத்தில் கிருமி பெருகிக் காட்டிக்கொடுக்கும். வில்டபீஸ்ட், குடு (இரண்டும் மான் போன்றவை) முதலிய காட்டு விலங்குகள் நோய்க்குறி இல்லாமலே கிருமியைச் சுமப்பது இப்படித்தான் தெரிந்தது.

அவர் மனைவி மேரி வெறும் துணைக்குத்தான் போனாரா?

இல்லை. ஆய்வுக்கூடத்தில் பாதி வேலை அவருடையது. 1899–1900-ல் போயர் போரின்போது நடந்த லேடிஸ்மித் முற்றுகையில் கணவர் அறுவை செய்தபோது பக்கத்தில் நின்று உதவியவர்; அதற்காக ராயல் ரெட் கிராஸ் விருது கிடைத்தது.

உகாண்டாவில் மனிதருக்கு வந்த உறக்க நோயின் காரணத்தை முதலில் கண்டுபிடித்தது இத்தாலிய டாக்டர் காஸ்டெல்லானியா, புரூஸா?

நோயாளியின் தண்டுவட நீரில் ட்ரிப்பனசோமாவை முதலில் பார்த்தவர் காஸ்டெல்லானி. ஆனால் நோய்க்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்றே நம்பியிருந்தார். தண்டுவட நீரைச் சோதித்த அவர் முறை இது: முதுகில் ஊசி குத்தி குறைந்தது 15 சி.சி. எடுக்க வேண்டும், ரத்தம் கலந்திருக்கக்கூடிய முதல் சில சி.சி.யை விட்டுவிட வேண்டும். தெளிந்து வரும் 10 சி.சி.யை 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி அடிவண்டலைப் பார்க்க வேண்டும். ரத்தம் கலந்துவிட்டால் கிருமி ரத்தத்திலிருந்து வந்ததா, தண்டுவட நீரில் இருந்ததா என்று சொல்ல முடியாது.

1903-ல் உகாண்டாவின் என்டெபேக்கு வந்த புரூஸ், காஸ்டெல்லானி பார்த்த அந்த ட்ரிப்பனசோமாவைத் துப்பாகப் பிடித்துக்கொண்டார். புகாண்டாவின் முதலமைச்சர் அபோலோ கக்வாவின் உதவியோடு பல பகுதிகளிலிருந்தும் கடிக்கும் ஈக்களைச் சேகரித்து, கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். குளோசினா பால்பாலிஸ் என்ற ட்ஸெட்ஸி ஈ இருந்த ஏரிக்கரையும் நோய் இருந்த ஊர்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

எங்கே சறுக்கினார்?

ஈ தன் வாயில் ஒட்டிய கிருமியை அப்படியே அடுத்த உடலுக்குக் கடத்துகிறது என்று நினைத்தார். நோயுற்ற விலங்கைக் கடித்த கையோடு இன்னொன்றைக் கடித்தால் நோய் பரவியது, நாள் கடந்தால் பரவவில்லை. அதனால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டார். 1909-ல் ஜெர்மானியர் கிளைன் காத்திருந்து பார்த்தார்: சுமார் மூன்று வாரத்தில் அதே ஈ மறுபடி நோய் பரப்புகிறது, அப்புறம் தொடர்ந்து பரப்புகிறது. ஈக்குள் கிருமி வளர்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது. புரூஸும் உகாண்டாவில் சோதித்து ஏற்றுக்கொண்டார்.

நியாசாலாந்தில் (இன்றைய மலாவி) அவர் சொன்னது தவறு என்கிறார்களே?

பாதிதான். 1911-க்குப் பிறகு அங்கே மனிதருக்கு வந்த ட்ரிப்பனசோமா ரோடீசியென்ஸே என்ற உறக்க நோய்க் கிருமியும் நாகானா கிருமியும் ஒன்றே என்றார். இன்று இரண்டும் ட்ரிப்பனசோமா புரூசியின் துணையினங்கள். அவர் சொன்னதில் அந்த அளவு நியாயம் இருக்கிறது. காட்டு விலங்குகளை அழித்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியாது.