பைப்பெட் சரி, பிடிக்கும் கை? கேள்வி பதில்

அக்கா, ஒரே சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் மஞ்சள் நீர்) இரண்டு முறை குளுக்கோஸ் டெஸ்ட் போட்டேன். 98, 109 என்று வந்தது. பைப்பெட்டுக்கு (திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் கருவி) போன மாதம்தான் காலிபரேஷன், அதாவது அளவுச் சோதனை, முடிந்தது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? (டி.எம்.எல்.டி. எனும் மருத்துவ ஆய்வக டிப்ளமோ மாணவி)

காலிபரேஷனில் சோதித்தது பைப்பெட்டை, உன் கையை இல்லைம்மா. 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜன்ட்டில் (சோதனைக்கான ரசாயனக் கரைசல்) 10 மைக்ரோலிட்டர் சீரம் விடுகிறோம். ஒரே ஒரு மைக்ரோலிட்டர் கூடினாலும் ரிசல்ட் ஏறக்குறைய 10 சதவீதம் ஏறிவிடும். அந்த ஒன்று பெரும்பாலும் டிப்பின் (பைப்பெட் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வருவது. டிப்பை ஆழமாக முக்கி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார், மஞ்சளாக ஒரு படலம் மெல்ல இறங்கி நுனியில் துளியாகத் திரளும். 2, 3 மில்லிமீட்டர் முங்கினால் போதும். வெளியே எடுக்கும்போது நுனியைக் குழாயின் உள்சுவரில் தொட்டு எடு. டிஷ்யூவால் துடைத்தால் நுனித் துளையில் படக்கூடாது, உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிடும்.

பைப்பெட் பட்டனை அமுக்கினால் இரண்டு இடத்தில் தடுத்து நிற்கிறதே, அந்த முதல் ஸ்டாப், இரண்டாம் ஸ்டாப் எது எதற்கு மேடம்?

வழக்கமான முறையில் முதல் ஸ்டாப் வரை அமுக்கி உறிஞ்ச வேண்டும், இரண்டாம் ஸ்டாப் வரை அமுக்கி வெளியேற்ற வேண்டும். கெட்டியான, நுரைக்கிற திரவத்துக்கு இதைத் திருப்பிச் செய்வோம்: இரண்டாம் ஸ்டாப்பிலிருந்து உறிஞ்சி, முதல் ஸ்டாப்போடு நிறுத்தி, டிப்பில் மிஞ்சியதைக் கொட்டிவிடுவது. இரண்டாவதிலிருந்து உறிஞ்சி இரண்டாவது வரை வெளியேற்றினால்தான் வினை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படிச் செய்து, கன்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) ரிசல்ட் மூன்று நாள் மேலேயே நின்றது.

அவசரத்தில் பட்டனைச் சட்டென்று விட்டால்?

குமிழி ஏறும், சீரம் தெறித்து பைப்பெட்டுக்குள்ளேயே போகலாம். மெல்ல விட்டு, ஒரு விநாடி டிப்பை அப்படியே வைத்திருங்கள். உறிஞ்சும்போது நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் அளவு கூடும்.

புது டிப்பில் முதல் தடவை குறைகிறதே?

உள்ளே உலர்ந்த காற்று, அதில் கொஞ்சம் ஆவியாகிறது. இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டுவிட்டு அப்புறம் அளந்து எடுங்கள்.

என் கையை நானே சோதிக்க வழி உண்டா?

உண்டு. நுண்தராசில் 100 மைக்ரோலிட்டர் டிஸ்டில்டு வாட்டரைப் பத்து முறை விட்டு எடை பாருங்கள். 20 டிகிரியில் ஒவ்வொன்றும் 99.8 மில்லிகிராம் அருகே நிற்க வேண்டும். பைப்பெட்டுகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 8655 இந்த அளவு பைப்பெட்டுக்கு அனுமதிக்கும் விலகல் 0.8 சதவீதம். அதே பைப்பெட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து இன்னொரு பத்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்துப் பாருங்கள்.