காப்பியடிக்கும் குழந்தை

கேள்வி: மூளையில் ‘கண்ணாடி நியூரான்’ இருப்பதால்தானே மனிதன் அடுத்தவரைப் பார்த்துக் காப்பியடித்துப் பண்பாட்டையே உருவாக்கினான்?

பதில்: இந்தக் கண்ணாடி நியூரானை, அதாவது அடுத்தவர் செய்கையைப் பார்த்தாலே தானும் இயங்கும் மூளைச் செல்லை, இன்னும் எத்தனை காலம்தான் தூக்கிச் சுமப்பது! 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் மூளை ஆய்வாளர் ரிட்சோலாட்டி குழுவினர் அதைக் கண்டதே மக்காக் குரங்கின் மூளையில்தான். தானே ஒரு பொருளை எடுக்கும்போதும், பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் அந்தச் செல்கள் இயங்கின. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி செய்வதில் மக்காக் படு மந்தம். ஆக, அந்த நியூரான் மட்டும் போதாது.

காப்பியடித்தல் என்றீர்களே, அது லேசான வேலையா? 2005-இல் ஹார்னர், வைட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு பெட்டி. மேல்துளையில் குச்சியால் குத்திவிட்டு, பிறகு முன்கதவைத் திறந்து அதே குச்சியால் பரிசை எடுத்து சிம்பன்ஸிக்கும் குழந்தைக்கும் காட்டுகிறார்கள். மேல்துளைக்கும் பரிசுக்கும் நடுவே தடுப்பு உண்டு. அங்கே குத்துவது வீண். உள்ளே தெரியாத பெட்டியென்றால் சிம்பன்ஸியும் மேலே குத்தியது. உள்ளே தெரியும் பெட்டியில் பெரும்பாலும் குத்துவதை விட்டுவிட்டு நேரே கதவுக்குப் போனது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ தடுப்பு கண்ணெதிரே தெரிந்தும் குத்தினார்கள்.

குழந்தையை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். கல்லாயுதம் செய்பவர் அடிக்குமுன் விளிம்பை இன்னொரு கல்லால் தேய்க்கிறார். பார்ப்பவருக்கு அது கூர்மையைக் கெடுக்கும் வெட்டி வேலை. தேய்க்காமல் அடித்தால் மெல்லிய விளிம்பு நொறுங்கி, விசை அங்கேயே தீர்ந்து, நீளமான சில்லு பெயராது. காரணம் புரிந்தால்தான் செய்வேன் என்பவர் முதலில் கைவிடுவது இந்தப் படியைத்தான். மூன்று வயதிலேயே ‘ஏன் என்று கேட்டபிறகு செய்’ என்று குழந்தையைப் பிடித்து உலுக்கும் கல்விப் பிரசாரகர்களோடு எனக்குள்ள பழைய வழக்கு இதுதான்.

அடுத்தவரோடு சேர்ந்து இயங்குவதில் பார்த்துச் செய்வது பாதி. அடுத்தவரை முந்திக் கணிப்பது மறுபாதி. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சுமார் 0.2 விநாடி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 0.6 விநாடி வேண்டும்! அதாவது, பேசுபவர் முடிக்குமுன்பே கேட்பவரின் மூளை பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறது. காணொலிக் கூட்டத்தில் இருவர் ஒரேநேரம் பேசி மோதினால் உடனே மரியாதை தெரியாதவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஒலி அரை விநாடி தாமதமாக வந்தாலே அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு இருவரும் நுழைந்துவிடுவார்கள். யாரிடம் கேட்கிறீர்களோ அவர் பெயரை முதலில் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் முழுதாக ஒரு விநாடி பொறுங்கள்.