வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்கள் என்ன கருவிகள் வைத்திருக்கிறீர்கள்? உங்களை மாற்றிய பழைய இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) இசைக்குழு எது?

கருவிப் பட்டியல் சின்னதுதான். ஒரு பழைய லேப்டாப், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியை லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி), ஒரு ஷூர் எஸ்எம்58 மைக், ஒரு கிட்டார். மென்பொருளுக்கு ரீப்பர். காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ஆடாசிட்டி போதும். இதற்கு மேல் எதையாவது வாங்கப் போகிறீர்களா? அதற்கு முன் எந்த அறையில் உட்கார்ந்து பாடப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

நான் இருப்பது செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம், பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால் வீடு நிறையும்; மற்ற நாட்களில் நானும் அப்பத்தாவும்தான். பட்டாலையில் (பெரிய கூடத்தில்) நின்று பாடினால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஆத்தங்குடி டைல்ஸ். ஒலியை உறிஞ்ச எதுவுமே கிடையாது. அதனால் பாடுவதெல்லாம் வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய சாமான் அறையில். கல்யாண மெத்தைகளும் ஜமுக்காளங்களும் அங்கே அடுக்கி இருப்பதால் எதிரொலி அடங்கிவிடும். எவர்சில்வர் பாத்திரங்கள்தான் தொல்லை; கிட்டாரில் கீழ் சுரம் வாசித்தால் கூடவே அதிரும்.

ஆனால் பட்டாலையையும் நான் விடவில்லை. அறையில் பதிவு செய்த குரலை அங்கே ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மறுகோடியில் மைக் வைத்து எதிரொலியை மட்டும் தனி டிராக்காக (ஒலித்தடமாக) பிடித்து, மூலக் குரலோடு கொஞ்சமாகக் கலப்பேன். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் அந்தக் காலத்தில் இதற்கென்றே ஓர் அறை வைத்திருந்தார்கள். நமக்கு தாத்தாக்களே கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, இசைக்குழுவுக்கு வருகிறேன். என் பாட்டைக் கேட்ட அத்தை மகன் சிங்கப்பூரிலிருந்து, “கைடட் பை வாய்சஸ் மாதிரி ஒரே இரைச்சலா இருக்குடா” என்று கிண்டலாக எழுதினான். யாரென்று தேடிப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் 1983-இல் தொடங்கிய குழு. பாடல்களை எழுதிப் பாடும் ராபர்ட் போலார்ட் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1994-இல் வந்த ‘பீ தவுசண்ட்’ ஆல்பத்தின் பெரும்பகுதியை வீடுகளிலேயே, நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். 20 பாட்டு, மொத்தம் 36 நிமிடம்தான். அடுத்த ஆண்டு ‘ஏலியன் லேன்ஸ்’: 41 நிமிடத்தில் 28 பாட்டு.

நான்கு டிராக் என்றால் புதியவர்களுக்குப் புரியாது. டிரம்ஸ், கிட்டார், பேஸ் என்று மூன்றை நிரப்பிவிட்டால், அவற்றை நான்காவதில் ஒன்றாகக் கலந்து, முதல் மூன்றையும் அழித்துப் புதிதாக நிரப்ப வேண்டும். கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சலும் கூடும். அதனால் எது தேவை என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். லேப்டாப்பில் கணக்கில்லாத டிராக்குகள் இருப்பதால் நாம் எதையும் முடிவு செய்வதே இல்லை. இப்போது நான் ரீப்பரில் நான்கு டிராக்குக்கு மேல் திறப்பதில்லை.

‘பதிவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, அதுதான் ஸ்டைல்’ என்று இந்தக் குழுவைக் காட்டிச் சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு இருப்பதால்தான் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்கிறோம். மெட்டு சுமாராக இருந்தால் இரைச்சல் வெறும் இரைச்சல்தான். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு: சொல்ல வந்தது முடிந்ததும் பாட்டை நிறுத்திவிடுவது. இரண்டாவது சரணம் எழுத வரவில்லையா, விட்டுவிடுவேன். என் பாட்டு ஒன்று ஒரு நிமிடத்திலேயே முடிந்ததும் அப்பத்தா கேட்டார்: “ஏய்யா, பாட்டு முடிஞ்சிருச்சா, இல்ல கரண்டு போயிருச்சா?”

கேட்க விரும்பினால் ‘ஏலியன் லேன்ஸ்’ வேண்டாம், ‘பீ தவுசண்ட்’டில் தொடங்குங்கள், முன்னது பழகாத காதுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். அப்புறம், காரைக்குடி, தேவகோட்டை பக்கம் டிரம்ஸ் வாசிப்பவர் யாராவது இருந்தால் கருத்தில் சொல்லுங்கள். கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவராக இருந்தாலும் சரி.