ஏலச் சுத்தியலும் படத்தின் முதுகும்: ஜப்பானிய, கொரிய ஓவியங்கள் பற்றிய கேள்வி பதில்

சோலிலும் டோக்கியோவிலும் ஏல முன்காட்சிகளைப் பல ஆண்டுகளாகச் சுற்றிவருபவன் நான். கைக்காசு போட்டு வாங்கியவை சொற்பம். நின்று பார்த்தவைதான் அதிகம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேற்பட்டோர் விலையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நானோ படத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கிற ஆள். இந்த முரண்பாட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரிய ஓவியங்களில் இதுவரை அதிக விலைக்குப் போனது எது? ஏன் அவ்வளவு விலை?

கிம் ஹ்வான்-கி 1971-இல் நியூயார்க்கில் வரைந்த "யூனிவர்ஸ்". 2019 நவம்பரில் ஹாங்காங் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுத்தியல் 8.8 கோடி ஹாங்காங் டாலரில் விழுந்தது. கமிஷன் சேர்ந்து 10.19 கோடி, அதாவது ஏறக்குறைய 1.3 கோடி அமெரிக்க டாலர். செய்தித்தாள்கள் இந்த இரண்டு எண்களையும் கலந்து எழுதுவதால் வாசகர்கள் குழம்பிப்போகிறார்கள். சுத்தியல் விலை விற்பவர் கணக்கின் தொடக்கம். கமிஷனோடு சேர்ந்த தொகை வாங்கியவர் கட்டுவது. எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் அவ்வளவு விலை என்றால், மூன்று காரணங்கள் ஒரே படத்தில் கூடியிருந்தன. இரண்டு கித்தான்கள் சேர்ந்து 254 செ.மீ. சதுரமாக அமைந்த படம் அது. அவர் படைப்புகளில் மிகப் பெரியது. 1974-இல் இறந்துபோன ஓவியரின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது. நீலப் புள்ளிகள் வட்டவட்டமாகச் சுழலும் அந்தக் காலப் படங்களைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். அது ஓவியருடைய நண்பரான மருத்துவர் ஒருவரின் குடும்பத்திலேயே பல பத்தாண்டுகள் இருந்தது. நடுவில் கைமாறவில்லை, சந்தேகத்துக்கு இடமில்லை.

நேரில் பார்த்தால் இன்னொன்று புரியும். எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பருத்தித் துணியில் ஊறவிட்டிருக்கிறார். ஒவ்வொரு புள்ளியின் ஓரமும் கொரியக் கைக்காகிதத்தில் மை பரவுவதுபோல் கசிந்திருக்கும். புகைப்படத்தில் இது வராது.

நாராவின் கோபக்காரச் சிறுமி அதைவிட அதிக விலைக்குப் போயிற்றாமே? சிறுபிள்ளைப் படம்போல் இருக்கிறதே!

போயிற்று. அதுவும் அதே ஊரில், ஏழு வாரம் முன்னதாக. ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாராவின் "நைஃப் பிஹைண்ட் பேக்" (முதுகுக்குப் பின்னால் கத்தி) 2019 அக்டோபரில் ஹாங்காங் சதபீஸில் 19.57 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது. ஏல நிறுவனம் எதிர்பார்த்தது 5 கோடிக்கு மேல். நான்கு மடங்கை எட்டும் என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

சிறுபிள்ளைப் படம் என்பது பழைய குற்றச்சாட்டு. படத்தில் கத்தி இல்லை. சிறுமியின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கத்தி தலைப்பில் மட்டும் இருக்கிறது. நாரா பன்னிரண்டு ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய 2000-ஆம் ஆண்டில் வரைந்தது. எனக்கு அவருடைய பெரிய படங்களைவிடப் பழைய உறைகளின் மேல் கிறுக்கிய பென்சில் படங்கள்தான் பிடிக்கும். ஆனால் ஏலக்கூடத்தில் என் ருசியை யாரும் கேட்பதில்லை.

சந்தை சரிந்தால் இந்த விலைகள் நிற்குமா?

2008-ஐப் பாருங்கள். மே மாதம், நியூயார்க் சதபீஸில் தகாஷி முரகாமியின் "மை லோன்சம் கௌபாய்" சிலை, 30 முதல் 40 லட்சம் டாலர் மதிப்பீட்டைத் தாண்டி 1.5 கோடி டாலருக்குப் போனது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது. நவம்பரில் ஏலக்கூடங்களில் படம் படமாக விலைபோகாமல் திரும்பிக்கொண்டிருந்தபோது, யாயோய் குசாமாவின் 1959-ஆம் ஆண்டு வலைப்பின்னல் ஓவியம் ஒன்று 58 லட்சம் டாலருக்கு விற்றது. அதை முன்பு வைத்திருந்தவர் சிற்பி டொனால்ட் ஜட்.

குசாமா நியூயார்க்கில் சாப்பாட்டுக்குத் திண்டாடிய நாட்களில் வரைந்த படம் அது. அந்த வரிசையில் இன்னொன்று 2022-இல் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1.05 கோடி டாலரைத் தொட்டது. ஆரவாரத்தில் ஏறியதும், அமைதியாக ஐம்பது ஆண்டு காத்திருந்ததும் ஒரே சரிவை ஒரே மாதிரி சந்திக்கவில்லை. ஆனால் இதை ஜோதிடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொரியாவில் "ஹோ" கணக்கு என்கிறார்களே, அது என்ன?

கித்தானின் அளவு எண். ஜப்பானில் "கோ". படத்தின் விலையை "ஒரு ஹோவுக்கு இத்தனை" என்று சொல்லும் வழக்கம் இரு நாடுகளிலும் உண்டு. மனை விலையைச் சென்ட் கணக்கில் பேசுவதுபோல. பத்து ஹோ என்றால் 53 × 45.5 செ.மீ. நூறு ஹோ 162 × 130 செ.மீ.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு ஹோ கித்தான் ஏறக்குறைய 22.7 × 15.8 செ.மீ. அப்படியானால் நூறு ஹோ அதைப்போல் நூறு மடங்கு பரப்பு இருக்க வேண்டும் அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபது மடங்குகூட வராது. ஆக இந்த எண் பரப்பளவும் அல்ல, தரமும் அல்ல. வியாபாரிகளுக்குள் சட்டென்று விலை பேசுவதற்கான குறியீடு. ஏலத்துக்கு வந்துவிட்டால் இது பாதி உடைந்துபோகும். கொரிய ஓவியர் பாக் சூ-கியூனின் சின்னஞ்சிறு படம், பிறருடைய சுவரளவு கித்தானைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பாக் சூ-கியூனின் படங்கள் ஏன் அமெரிக்காவிலிருந்தே வருகின்றன?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

யாங்குவில் பிறந்து, தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்று, தானே வரையக் கற்றுக்கொண்டவர். கொரியப் போர்க் காலத்தில் சோலில் அமெரிக்க ராணுவத்தின் பி.எக்ஸ். அங்காடியில் சிப்பாய்களுக்கு உருவப்படம் வரைந்து வயிறு வளர்த்தார். சொந்தப் படங்களில் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிக் கருங்கல் மாதிரி ஆக்கிவிடுவார். அந்தக் கல்லுக்குள்ளிருந்து மரங்களும், தலையில் கூடை சுமக்கும் பெண்களும் தெரிவார்கள். வாங்குவதற்கு உள்ளூரில் பணம் ஏது? சோலில் வேலை பார்த்த அமெரிக்கர்களும் தூதரகத்தாரும்தான் வாங்கினார்கள். 1965-இல் அவர் இறந்தார். படங்கள் அமெரிக்க வீட்டு வரவேற்பறைகளில் தொங்கின.

பின்பு கொரியாவில் பணம் சேர்ந்தது. அந்தக் குடும்பங்கள் நியூயார்க்கில் விற்கக் கொண்டுவந்தன. அங்கே "ஜப்பானிய, கொரியக் கலை" என்று ஒரே பட்டியலாக நடக்கும் ஏலங்களில், ஜப்பானின் மெய்ஜி காலச் சாமான்களுக்கும் கொரியாவின் ஜோசோன் காலப் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே இவருடைய படம் ஒன்று நிற்கும். வாங்குபவர் பெரும்பாலும் சோலிலிருந்து வந்தவராக இருப்பார். படம் வீடு திரும்பிவிடும்.

2007 மே மாதம் சோல் ஆக்‌ஷன் ஏலத்தில் அவருடைய "துணி துவைக்கும் இடம்" 452 கோடி கொரிய வொன்னுக்குப் போனது; அன்றைக்குக் கொரிய ஏல வரலாற்றின் உச்சம். படம் வெறும் 37 × 72 செ.மீ. அதுவும் ஓர் அமெரிக்கரிடமிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டே ஒரு கலை இதழ் "இது போலி" என்று எழுத, வழக்கு நீதிமன்றம் போயிற்று. 2009-இல் தீர்ப்பு வந்தது: படம் உண்மையானது என்றே கருத இடமிருக்கிறது, ஆனால் சந்தேகம் எழுப்பிய இதழ் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொள்ளத் தோதான தீர்ப்பு.

ஓவியரே "இது என்னுடையது" என்றால் சர்ச்சை முடிந்துவிடாதா?

முடியாது. கொரியாவே அதற்குச் சாட்சி.

1991-இல் சொன் கியோங்-ஜா என்ற மூத்த ஓவியர், தேசிய நவீன கலை அருங்காட்சியகத்திலிருந்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து "இது நான் வரைந்ததல்ல" என்றார். அருங்காட்சியகமும் வல்லுநர்களும் "நீங்கள் வரைந்ததுதான்" என்று சாதித்தார்கள். பெற்றவளுக்குத் தன் பிள்ளையைத் தெரியாதா என்று அவர் கேட்டது வீணாயிற்று. மனம் வெறுத்துத் தூரிகையைக் கீழே வைத்தார். பின்பு அமெரிக்கா போய், 2015-இல் அங்கேயே இறந்தார். மறு ஆண்டு அரசு வழக்கறிஞர்கள் படம் உண்மையானது என்று அறிவித்தார்கள். குடும்பம் ஏற்கவில்லை.

அதே 2016-இல் இதற்கு நேர் எதிரான காட்சி. கொரிய ஓவியர் லீ உஃபான் பெயரிலான 13 படங்களைப் போலீஸ் போலி என்றது. வரைந்த மோசடிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். லீ உஃபான் வந்து பார்த்துவிட்டு, பதின்மூன்றும் என்னுடையவையே, என் மூச்சும் தாளமும் எனக்குத் தெரியாதா என்றார்! மோசடிக்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஓவியர் தம் சொல்லிலிருந்து இறங்கவில்லை.

அவருடைய சந்தை இதனால் படுத்துவிட்டது என்று நினைப்பீர்கள். 2021-இல் "ஈஸ்ட் விண்ட்ஸ்" 310 கோடி வொன்னுக்கு விற்றது. உயிரோடிருக்கும் கொரிய ஓவியர் ஒருவர் 300 கோடியைத் தாண்டியது அதுவே முதல் முறை.

வாங்குபவருக்கு இதிலிருந்து என்ன? சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். சான்றிதழும் போலியாக வரும். எந்தக் கண்காட்சியில் தொங்கியது, எந்த ஆண்டுப் பட்டியலில் படத்தோடு அச்சானது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது — இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் நான் பின்வாங்கிவிடுவேன்.

ஜப்பானியப் படங்கள் பாரிஸில் அதிகம் விற்பது ஏன்?

குதாய் என்ற ஜப்பானிய ஓவியர் குழுவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1954-இல் ஜிரோ யோஷிஹாரா ஆஷியா நகரில் தொடங்கியது. அதில் கசுவோ ஷிராகா கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலால் வண்ணத்தைத் தள்ளி வரைந்தவர். 1957-இல் பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் தாபியே ஜப்பான் போய்ப் பார்த்து மயங்கினார். அதன்பின் படங்கள் பாரிஸுக்குப் போயின; அங்கேயே விற்றன; அங்கேயே தங்கின. 2014-இல் பாரிஸ் சதபீஸில் ஷிராகாவின் 1969-ஆம் ஆண்டுப் படம் 39 லட்சம் யூரோவுக்குப் போனது. டோக்கியோவில் அந்தப் படங்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு.

ஜப்பானுக்குள் வியாபாரிகள் மட்டும் கூடும் "கோகான்காய்" என்ற மூடிய ஏலங்கள் நெடுநாளாக நடக்கின்றன. வெளியாட்களுக்கு அனுமதியில்லை, விலையும் வெளியே வராது. பொது ஏலத்தின் எண்களை மட்டும் வைத்து ஜப்பானியச் சந்தையை அளப்பவர்கள் பாதி வீட்டைத்தான் பார்க்கிறார்கள்.

நம் கைக்கு எட்டும் விலையில் ஏதாவது?

மரக்கட்டை அச்சுப் படங்கள். ஹிரோஷி யோஷிதா, கவாசே ஹசுய் போன்றவர்கள். யோஷிதா 1930-31-இல் இந்தியா வந்து தாஜ்மகாலையும் காசியையும் சாஞ்சியையும் வரைந்து அச்சிட்டவர் என்பதால் நம்மவர்கள் அவரை ஆசையாகத் தேடுவார்கள்.

யோஷிதாவில் பார்க்க வேண்டியது ஓரத்திலுள்ள "ஜிசூரி" முத்திரை. தம் மேற்பார்வையில் அச்சானது என்பதற்கு அவர் இட்ட அடையாளம். அது இல்லாத பிற்கால அச்சுகளின் விலை வெகுவாக இறங்கும். ஹசுய் படங்களில் 1923-க்கு முந்தையவை அரிது. வெளியீட்டாளர் வதனபேயின் கட்டைகளும் அச்சுகளும் அந்த ஆண்டின் பெருநிலநடுக்கத் தீயில் எரிந்துபோயின.

என் அனுபவம் ஒன்று. இணைய ஏலம் ஒன்றில் சட்டமிட்ட யோஷிதா படம் வாங்கினேன். ஓரத்தை அட்டை மூடியிருந்தது. முத்திரை உள்ளே இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். வீட்டில் அட்டையை எடுத்தால், சட்டத்துக்குள் பொருந்தட்டும் என்று யாரோ புண்ணியவான் நான்கு ஓரங்களையும் கத்திரித்திருக்கிறார். முத்திரை இருந்ததா இல்லையா என்பது அந்தக் கத்திரிக்கோலுக்குத்தான் வெளிச்சம். சட்டத்திலிருந்து எடுத்த புகைப்படம் கேட்காதது என் தவறு.

பாய்க் நாம்-ஜுனின் தொலைக்காட்சிச் சிற்பம் வாங்கலாமா?

பழைய குழாய்த் தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் வாங்கலாம். குவாச்சோன் அருங்காட்சியகத்தில் 1,003 பெட்டிகள் கொண்ட அவருடைய கோபுரம் 2018-இல் அணைக்கப்பட்டு, பழுதுபார்த்து மறுபடி ஓட 2022 ஆயிற்று. அரசாங்கத்துக்கே அந்தப் பாடு.

முதலீடாக வாங்கலாமா?

தங்கம் வாங்குங்கள்.

ஏலத்தில் கலந்துகொள்ளாமல் சும்மா போய்ப் பார்க்க விடுவார்களா?

விடுவார்கள். சோல் ஆக்‌ஷன், கே ஆக்‌ஷன் இரண்டின் முன்காட்சிகளும் இலவசம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம். படம் எந்த நிலையில் இருக்கிறது, எங்கே சேதம் என்று சொல்லும் நிலை அறிக்கை கேளுங்கள், தருவார்கள். பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். வாங்கமாட்டான் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்த காலத்திலேயே எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

என் மகள் அறையில் நாரா சிறுமியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறோம். மதிப்பு ஏதும் இருக்குமா?

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக் கன்னத்தைப் பாருங்கள். நுண்ணிய வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அச்சகச் சுவரொட்டி. அப்படியே இருந்தாலும், ஜன்னல் வெயில் விழும் சுவரிலிருந்து மாற்றிவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும்; பிறகு அந்தப் பெண்ணுக்குக் கோபமே தெரியாது.