‘ஆவணம் போதவில்லை’ என்ற ஒரு வரி

வணக்கம். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 45 உயர்பதவிகளுக்கு வெளியாட்களை நேரடியாக எடுக்க விளம்பரம் கொடுத்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அது நடந்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குச் சான்றிதழ் சீக்கிரம் கிடைத்திருக்குமா? வருமானச் சான்றுக்கு மூன்று முறை மனுப் போட்டு அலைந்தவன் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கிடைத்திருக்காது. அவை டெல்லியில் இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் மட்டப் பதவிகள். உங்கள் மனு நின்றது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்ற வரிசையில். வி.ஏ.ஓ. பக்கத்து ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தால் முதல் மேசையிலேயே தேங்கிவிடும்.

இந்த மேசைகளைத் தொட்ட சீர்திருத்தம் என்றால் சேவை உரிமைச் சட்டம்தான். 2010-ல் மத்தியப் பிரதேசம் முதலில் கொண்டுவந்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கெடு, பொறுப்பான அலுவலர், இரண்டு கட்ட மேல்முறையீடு. தாமதமானால் நாளுக்கு 250 ரூபாய், 5000 வரை அலுவலரே கட்ட வேண்டும். இதே வகையில் கர்நாடகத்தின் ‘சகாலா’ திட்டம் 2012-ல் தொடங்கியது. அங்கே நாளுக்கு 20 ரூபாய், 500 வரை, மனுதாரருக்கே. தொகை சிறியது. ஆனால் மனு கொடுத்ததும் கையில் ஓர் எண் கிடைக்கிறது. அபராதத்தைவிட அந்த எண்ணே பெரிது என்பேன். எண் இல்லாத மனுவுக்குக் கெடு தொடங்குவதே இல்லை. ‘நாளைக்கு வாங்க’ என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கெடு 15 நாள் என்று வையுங்கள். 14-ஆம் நாள் ‘ஆவணம் போதவில்லை’ என்று ஒரு வரி எழுதித் தள்ளுபடி செய்தால், கணக்கில் அது குறித்த காலத்தில் முடிந்த மனு. நீங்கள் மறுபடி கட்டணம் கட்டி முதல் நாளிலிருந்து தொடங்குவீர்கள். மாத அறிக்கையிலோ சதவீதம் ஏறும். அபராதமும் பெரும்பாலும் நீங்கள் முறையிட்டால்தான் வரும். முறையீட்டை விசாரிப்பவர் அதே துறையின் மேலதிகாரி. நாளைக்கும் அதே அலுவலகத்துக்குப் போகவேண்டியவர் எப்படி முறையிடுவார்?

ஆகவே விதி இப்படி இருக்க வேண்டும்: என்னென்ன குறை என்பதை முதல் மூன்று வேலைநாளுக்குள், ஒரே தடவையில், எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிறகு புதுக் குறை கிளப்பக் கூடாது. தள்ளுபடியானவற்றில் நூற்றுக்குப் பத்தையாவது வேறு வட்டத்து அதிகாரி எடுத்துப் பார்க்க வேண்டும். கெடு தாண்டினால் முறையீட்டுக்குக் காத்திராமல் இழப்பீடு வரவேண்டும். ஆள் இல்லாத பணியிடத்துக்கான தாமதத்தை, கூடுதல் பொறுப்பில் திணறுபவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அது நிரப்பாத துறையின் கணக்கு.

மூன்று முறையும் சொன்ன காரணம் ஒன்றேதானா, வேறு வேறா? வேறு வேறு என்றால் மூன்று ஒப்புகைச் சீட்டு, மூன்று தள்ளுபடி நகல் எல்லாவற்றையும் தேதிவாரியாக இணைத்துக் கோட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.