விரால் தாடையும் வெர்னியரும் – வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

காரைக்குடியில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக எங்கள் ஊர்க் கண்மாயிலும் பக்கத்து ஊர்க் கண்மாயிலும் பிடித்த விரால்களின் எலும்புகளை அளந்து ஒப்பிடுகிறேன். எல்லாம் கோடையில் மீன்பிடித் திருவிழாவில் கிடைத்தவை. சில தலைகளை வீட்டில் வைத்த குழம்பிலிருந்து எடுத்தேன் (ஆச்சியிடம் வாங்கிய திட்டு தனி). கீழ்த்தாடை நீளத்தை உடல் நீளத்தால் வகுத்தால் எங்கள் கண்மாய் மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. இரண்டும் வேறு வேறு வகை என்று எழுதலாமா? எலும்பை வெளுக்க பிளீச்சிங் பவுடர் போடலாமா? குழம்புத் தலையில் எடுத்த செவிக்கற்கள் (மீனின் உள்காதில் இருக்கும் சிறு கற்கள்) மட்டும் சொரசொரப்பாக இருக்கின்றனவே, ஏன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

வேறு வகை என்று இப்போதைக்கு எழுதாதீர்கள். உங்கள் கண்மாய் மீன்கள் பக்கத்து ஊர் மீன்களைவிடப் பெரியவையா? கடிதத்தில் அது இல்லை, ஆனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மீன் வளரும்போது உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரு பேச்சுக்கு, 20 செ.மீ. விராலுக்குத் தாடை எலும்பு 20 மி.மீ. என்று வையுங்கள், அதாவது பத்து சதவீதம். தாடை உடம்பைவிடக் கொஞ்சம் வேகமாக வளர்கிறது, அடுக்கு 1.1 (அதாவது உடம்பு இரண்டு மடங்கானால் தாடை 2-இன் அடுக்கு 1.1 மடங்காகும்) என்றால், அதே மீன் 40 செ.மீ. ஆகும்போது தாடை 40 அல்ல, கிட்டத்தட்ட 43 மி.மீ. இருக்கும், சதவீதம் 10.7 ஆகிவிடும். வகையும் மாறவில்லை, கண்மாயும் மாறவில்லை, மீன் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1932-ல் இந்த ஏற்றத்தாழ்வான வளர்ச்சியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகும் நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் எதையும் எதாலும் வகுத்து சராசரி போடும் பழக்கம் போகவில்லை, எனக்கு அதில் ஒரு நிரந்தரக் கடுப்பு உண்டு.

அதனால் வகுக்காதீர்கள். உடல் நீளம், தாடை நீளம் இரண்டுக்கும் லாக் (மடக்கை) எடுத்து கிராப்பில் புள்ளி வையுங்கள், ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். இரண்டு கண்மாய்க்கும் தனித்தனிக் கோடு போட்டு, அவை ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, விலகுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கண்மாயில் குஞ்சு குறுமான்களும் இன்னொன்றில் பெருமீன்களுமாக மட்டும் இருந்தால் எந்தப் புள்ளியியலும் கைகொடுக்காது. இரண்டிலும் ஒரே அளவு மீன்கள் கொஞ்சமாவது வேண்டும்.

அப்புறம், உடல் நீளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கச்சா, ஊத்தா போன்ற மீன்பிடிக் கருவிகளில் மாட்டி, சேற்றில் புரண்டு, பத்துக் கை மாறி வரும் மீனுக்கு வால் துடுப்பு முழுசாக இருக்காது. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை அளப்பதுதான் நம்பகமானது. தாடையிலும் இதே சிக்கல். கீழ்த்தாடை ஒரே எலும்பு இல்லை. பல் இருக்கும் முன் எலும்பு வேறு, மூட்டோடு சேரும் பின் எலும்பு வேறு, வேகவைத்தால் இரண்டும் கழன்றுவிடும். சில மீனில் சேர்த்தும் சில மீனில் முன் எலும்பை மட்டும் தனியாகவும் அளந்திருந்தால் அந்த அட்டவணையே பாழ். முன் எலும்பும் பின்பக்கம் இரண்டு கிளையாகப் பிரியும், எந்தக் கிளை நுனிவரை அளந்தீர்கள் என்று படம் போட்டுக் காட்டுங்கள். மொராலெஸும் ரோசன்லண்டும் 1979-ல் மீன் எலும்பு அளவுகளுக்கென்றே ஒரு கையேடு போட்டார்கள், நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எல்லா எலும்பையும் ஒரு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி அளந்துவிடுங்கள். உங்கள் கை தருகிற வித்தியாசமே இரண்டு கண்மாய்க்கும் இடையிலான வித்தியாசம் அளவுக்கு இருந்தால், ஒப்பிட அங்கே ஒன்றும் இல்லை.

குழம்புத் தலைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் உடம்பை அளந்து, எந்தத் தலை எந்த மீனுடையது என்று குறித்திருந்தால் தாடை மட்டும் தேறும். செவிக்கல் தேறாது. எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட், செவிக்கல்லோ கால்சியம் கார்பனேட். நம் ஊர் மீன் குழம்பில் ஊற்றும் புளிக்கு அது தாங்குமா? மேல்பரப்பு கரைந்துதான் சொரசொரப்பாகியிருக்கிறது. அமிலம் ஏறிய ஃபார்மலினில் போட்டாலும் இதே கதிதான். செவிக்கல் வேண்டுமென்றால் பச்சைத் தலையிலிருந்தே எடுத்து, கழுவி, உலர்த்தி வையுங்கள்.

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். எலும்பிலுள்ள புரதத்தைத் தின்று சுண்ணாம்புபோல் உதிரச் செய்துவிடும், முதலில் போவது நீங்கள் வெர்னியர் காலிப்பரை வைத்து அளக்கிற ஓரங்கள்தான். என்சைம் கலந்த துணி பவுடரை வெதுவெதுப்பான நீரில் போட்டு ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இந்த வேலை மார்க்கோடு முடிகிற வேலை இல்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். கீழடி நம் சிவகங்கை மாவட்டம்தான். இப்படி ஓர் அகழாய்வில் சல்லடைக்குத் தப்பாமல் ஒரு மீன் தாடை கிடைத்தால், அது எந்த மீன், எவ்வளவு பெரிசு என்று சொல்ல, நீளம் தெரிந்த மீனின் எலும்பு பக்கத்தில் இருந்தாக வேண்டும். நம் கண்மாய் மீன்களுக்கு அப்படி ஒரு சேகரிப்பை நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள், ஒவ்வொரு எலும்போடும் மீனின் நீளம், எடை, கண்மாய் பெயர், தேதி எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி வையுங்கள், பேனா மை அழியும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு கோடும் விலகியே நின்றால், புதுவகை என்று குதிப்பதற்கு முன் விராலின் உறவுக்கார மீனான குரவையைச் சந்தேகப்படுங்கள். சின்ன விராலும் குரவையும் ஒரே கூடையில் கலந்து வருவது சகஜம். உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டுச் செதில்களை எண்ணினால் விராலுக்கு 50-க்கு மேல் வரும், குரவைக்கு 40-ஐத் தாண்டாது. சாம்பல் போட்டு உரசிய பிறகு எண்ணுவதற்குச் செதிலே இருக்காது, எனவே அடுத்த கோடையில் அருவாமனைக்குப் போகும் முன் ஒவ்வொரு மீனையும் ஸ்கேலோடு பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.