கருவாட்டுத் தூளும் ஜீப்ரா மீனும்

பாம்பனில் வாங்கும் சூடைக் கருவாட்டைப் பொடித்துப் போடுகிறேன், ஆய்வுக்கு வளர்க்கும் ஜீப்ரா மீன்கள் (வரிபோட்ட சிறு நன்னீர் மீன்கள்) இடும் முட்டை மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தீவனத்தைச் சந்தேகியுங்கள். சூடையின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். மணலில் காயவைத்தது என்றால் மண்ணும் சேரும். ஆய்வக எலிகளுக்கு 1993-இலேயே ஏஐஎன்-93 என்ற பொதுத் தீவனக் கலவை வந்துவிட்டது. ஜீப்ரா மீனுக்கு எல்லோரும் ஏற்ற ஒன்று இன்னும் இல்லை, அதுதான் வருத்தம்.

கேசீன் என்ற பால் புரதம், மாவுச்சத்து, எண்ணெய், வைட்டமின், தாது எனத் தனித்தனியாக எடைபோட்டுத் தயாரிப்பதே நல்லது. முடியாதென்றால், ஆய்வு முடியும்வரை தேவையான கருவாட்டை ஒரே தடவையில் வாங்கி, அரைத்துக் கலந்து, புரதமும் கொழுப்பும் சோதித்து, சிறு பொட்டலங்களாக உறைநிலையில் வையுங்கள். அப்புறம், கண்ணளவில் தூவவே தூவாதீர்கள். ஆர்ட்டீமியா என்ற பொடி உவர்நீர் இறாலும் தீவனமாகக் கொடுப்பதாக இருந்தால் டப்பாவின் தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள்.